யானைக் காலா, மான் காலா? விலங்கு உருவக் குவில்ட்டுக்கு முறை, அளவு, துணி தேர்வு

விலங்கு உருவம் போட்ட குவில்ட் தைக்கலாம் என்று நினைத்ததும் கை முதலில் போவது நிறத்துக்கு. பிறகு படம் தேடுவோம். எப்படித் தைப்பது என்ற யோசனை கடைசியில்தான் வரும். பாதியில் மடித்து பீரோவில் வைத்த குவில்ட்டுகள் பல இந்த வரிசையில் தொடங்கியவை. வரிசையை மாற்றிப் பாருங்கள். எடுத்த படத்தில் மிக ஒடுங்கிய இடம் எது? மானுக்குக் கால், காளைக்குக் கொம்பு நுனி, மயிலுக்குக் கழுத்து, எலிக்கு வால். அந்த இடம் துணியில் எத்தனை மில்லிமீட்டர் வரப்போகிறது என்று அளந்துவிட்டால், எந்த முறை உங்களுக்கு உதவும், எது கைவிடும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு: உருவம் இருக்கும் மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடோ துணியோ, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்து, சுற்றிலும் பட்டை கட்டினால் முடிந்தது. உருவத்தை மேல்துணியில் கொண்டுவர ஐந்து வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு விலங்குக்குப் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகும்.

கையால் மடித்துத் தைப்பது

தேரில் தொங்கும் தொம்பைகளில் பார்க்கும் ஒட்டுவேலைதான் இதற்கும் அடிப்படை. ஒரு நிறத் துணியை உருவமாக வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பது. குவில்ட்டில் விளிம்பை உள்ளே மடித்துக்கொண்டே தைக்கிறோம். உருவத்தின் கோட்டுக்கு வெளியே 5 மி.மீ. மார்ஜின் விட்டு வெட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் வளைவில் சுருக்கம் விழும். குறைத்தால் நூல் பிரிந்து வெளியே வரும்.

கணக்கு எளிது. இரண்டு பக்கமும் 5 மி.மீ. உள்ளே மடிகிறது. கால் 10 மி.மீ. அகலம் என்றால் இரண்டு மடிப்பும் நடுவில் முட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கயிறு போல் புடைக்கும். எனவே இந்த முறைக்கு 12 மி.மீ. எல்லை. ஒன்பது அங்குலச் சதுரத்துக்குள் யானை போட்டால் கால் ஏறக்குறைய 30 மி.மீ. வரும், கவலையே இல்லை. அதே சதுரத்தில் மான் போட்டால் கால் 6 மி.மீ.தான். மானைக் கையால் மடித்துத் தைக்க வேண்டுமென்றால் சதுரத்தை 18 அங்குலமாக்க வேண்டும், இல்லையென்றால் காலை மட்டும் காம்புத் தையலில் நூலால் போட வேண்டும்.

அடியில் இருக்கும் உறுப்பை முதலில் தைக்கவும்: தூரத்துக் கால்கள், வால், பிறகு உடம்பு, கடைசியில் காது. இன்னொரு துண்டின் அடியில் போகும் விளிம்பை மடிக்க வேண்டாம். தட்டையாக விட்டுக் கச்சா தையல் போட்டால் போதும், தடிப்பு குறையும். நூல் உருவத்தின் நிறத்தில் இருக்க வேண்டும், பின்னணியின் நிறத்தில் அல்ல. தையலுக்குத் தையல் 3 மி.மீ. இடைவெளி, நுனிகளில் 2 மி.மீ. உள்பக்கம் வளையும் இடங்களில் மட்டும் கத்தரியால் வெட்டு கொடுங்கள், கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். வெளிப்பக்கம் வளையும் இடத்தில் வெட்டு கொடுத்தால் முதுகு முழுக்க மூலை மூலையாகத் தெரியும்.

அதிகம் கெடும் இடம் ஒன்று உண்டு: யானையின் இரண்டு கால்களுக்கு நடுவில் வயிறு வளைந்து காலோடு சேரும் உள்மூலை. அங்கே வெட்டு கோடுவரை போயாக வேண்டும், அதனால் மடிக்க அங்கே ஓரிரு நூல்தான் மிஞ்சும். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தில் கெட்டிக் கஞ்சியை விரல் நுனியால் தொட்டு வைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள், நூல் பிரியாது. மூலையில் நெருக்கமாக மூன்று தையல் போட்டுக் கடந்து போங்கள். பழகிய கைக்கு ஒரு யானைச் சதுரம் மூன்று மணி நேரம் எடுக்கும். குவில்ட்டுக்கு 20 சதுரம் என்றால் 60 மணி நேரம். தொடங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பசைத் தாள் வைத்து ஒட்டி மெஷினில் ஓரம் கட்டுவது

இருபக்கமும் பசை உள்ள தாளை உருவத் துணிக்கு அடியில் வைத்து இஸ்திரியால் ஒட்டி, கோட்டின் மேலேயே வெட்டி, பின்னணியில் ஒட்டி, ஓரத்தை ஜிக்ஜாக் தையலால் மூடுவது. மார்ஜின் கிடையாது, மடிப்பும் கிடையாது. தையல் இரண்டு பக்கமும் 2½ மி.மீ. எடுத்துக்கொள்வதால் 6 மி.மீ. வரை இறங்கலாம். மான், குதிரை, கொக்கு எல்லாவற்றுக்கும் இதுதான் வசதி.

துணிக்கடையில் கேட்கும்போது கவனம் வேண்டும். காலருக்கு வைக்கும் கேன்வாஸில் ஒரு பக்கம்தான் பசை. அது துணியை விறைப்பாக்கும், பின்னணியில் ஒட்டாது. இருபக்கப் பசை என்று சொல்லி வாங்குங்கள்.

இரண்டாவது கவனம், திசை. தாளில் வரைவது துணியின் பின்பக்கம் ஒட்டப்படுவதால் உருவம் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வரும். வலப்பக்கம் பார்க்கும் காளை வேண்டுமென்றால் இடப்பக்கம் பார்க்கும் காளையை வரைய வேண்டும். ஊர்வலம் போல் வரிசையாக வைக்கும் குவில்ட்டில் ஒரு யானை மட்டும் எதிர்த்திசையில் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, விறைப்பு. உருவம் முழுக்கப் பசை இருந்தால் குவில்ட் அட்டை போல் ஆகிவிடும், மேலே கைத்தையல் போட ஊசியும் இறங்காது. தாளின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் 6 மி.மீ. வளையமாக மட்டும் பசையை விடுங்கள். வெட்டி எடுத்த நடுத்துண்டில் அடுத்த சிறிய உருவத்துக்குத் தாள் கிடைத்துவிடும்.

ஜிக்ஜாக் அகலம் 2½ முதல் 3, நீளம் 0.4 வைத்தால் நெருக்கமான சாட்டின் தையல். அடியில் ஒரு மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். தாள் இல்லாமல் தைத்தால் பின்னணித் துணி சுருங்கி உருவத்தைச் சுற்றிக் குழி விழும். வெளி வளைவில் துணியைத் திருப்பும்போது ஊசி பின்னணித் துணியில் இறங்கியிருக்க வேண்டும், உள் வளைவில் உருவத்துக்குள். மாற்றிச் செய்தால் தையலுக்கு நடுவே முக்கோண இடைவெளி விழும்.

வீட்டில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கருப்பு மிதி மெஷின் என்றால் இந்த முறை உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். ஓரத்துக்கு 2 மி.மீ. உள்ளே நேர்த்தையல் இரண்டு சுற்று போடலாம். ஓரம் மெல்ல மெல்லப் பிசிறும். சுவரில் மாட்டுவதற்குப் பாதகமில்லை. வாரம் ஒருமுறை கழுவும் குழந்தை விரிப்புக்கு வேண்டாம்.

சிறு சதுரங்களை இணைத்து உருவம் கொண்டுவருவது

கோலப் புள்ளியை எண்ணுவது போலத்தான் இது. கட்டத்தாளில் 12க்கு 12 கட்டம் போட்டு, யானை வரும் கட்டங்களை நிரப்புங்கள். ஒவ்வொரு கட்டமும் 2½ அங்குலமாக வெட்டிய துணிச் சதுரம், தைத்த பின் 2 அங்குலம். மொத்தம் 144 துண்டு, முடிந்த அளவு 24 அங்குலம். கருப்பு மிதி மெஷினுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. நேர்க்கோட்டை அது அவ்வளவு சுத்தமாகத் தைக்கும்.

இங்கே எல்லாவற்றையும் கெடுப்பது மார்ஜின். 6 மி.மீ. விட வேண்டிய இடத்தில் 7 மி.மீ. விட்டால் ஒரு இணைப்பில் இரண்டு துண்டிலும் சேர்த்து 2 மி.மீ. போகும். 12 சதுரத்துக்கு 11 இணைப்பு. 22 மி.மீ. குறைந்துவிடும். ஒரு வரிசை சரியாகவும் அடுத்த வரிசை குறைவாகவும் வந்தால் மூலைகள் சேரவே சேராது, யானையின் முதுகு படி படியாக நழுவும். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒட்டுநாடா ஒட்டி, அதை ஒட்டியே துணியை நகர்த்துங்கள். ஒற்றைப்படை வரிசைகளின் மார்ஜினை வலப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளை இடப்பக்கமும் இஸ்திரி போட்டால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கும்.

வளைவு கிடையாது. துதிக்கையின் வளைவு வேண்டிய இடத்தில் இரண்டு நிறம் குறுக்காகப் பாதிப் பாதி வரும் சதுரம் வைக்கலாம். 3 அங்குலச் சதுரம் இரண்டை முகம் பார்த்து வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபக்கமும் 6 மி.மீ. தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு கிடைக்கும். அவற்றை 2½ அங்குலமாகச் செதுக்கிக்கொள்ளுங்கள். யானை, ஆமை, மீன், கோழி எல்லாம் இதில் அழகாக வரும். மானுக்கு முயலவே வேண்டாம்.

தாளோடு சேர்த்துத் தைப்பதும் அச்சுத் துணியும்

மெல்லிய தாளில் உருவத்தை நேர்க்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து எண் போட்டு, எண் வரிசையில் துணியை வைத்துத் தாளின் மேலேயே கோட்டில் தைப்பது இன்னொரு வழி. கிளியின் அலகு, ஆட்டுக் கொம்பு, பூனைக் காது என்று கூர்மையான நுனிகளுக்கு இதைப் போல் துல்லியம் வேறு எதிலும் வராது. தையல் நீளம் 1½ மி.மீ. வையுங்கள். அதைவிட நீளமாக இருந்தால் தாளைக் கிழிக்கும்போது தையலும் பிரியும். இங்கும் உருவம் எதிர்த்திசையில்தான் வரும். துணி அதிகம் வீணாகும், ஒவ்வொரு துண்டையும் தேவைக்கு மேல் சுற்றிலும் ஒரு விரல்கடை பெரிதாக வெட்ட வேண்டியிருக்கும்.

யானை, மயில் அச்சிட்ட துணியை வாங்கி உருவத்தைச் சுற்றி மட்டும் ஓட்டுத் தையல் போடுவது எல்லாவற்றிலும் விரைவானது. கட்டைஅச்சுத் துணியில் உருவங்கள் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று பார்த்து வாங்கினால் போதும்.

செட்டிநாட்டுப் பக்கத்து விலங்குகளில் எதை எடுப்பது

படத்துக்கு இணையத்தில் அலைய வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டு நிலைக்கதவைப் பார்த்தாலே கஜலட்சுமியின் இரண்டு பக்கமும் யானை நிற்கும், கூடவே கிளியும் மயிலும் யாளியும் இருக்கும். யாளியை ஒட்டுவேலையில் எடுக்க வேண்டாம். பிடரியும் பல்லும் வாலும் நூல் வேலைதான் கேட்கும், அதை 20 சதுரத்துக்குச் செய்து முடிப்பது கடினம். சுவரில் மாட்டும் ஒற்றை உருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஓடுகிற குதிரையை விட்டுவிட்டு அய்யனார் கோயில் புரவியைப் பாருங்கள். புரவி எடுப்புக்குச் செய்யும் சுடுமண் குதிரையின் கால்கள் தூண் போல நேராக நிற்கும். அந்த மண்ணின் எடையைத் தாங்க அப்படித்தான் இருக்க வேண்டும். நமக்கும் அதுவே உதவி. ஒன்பது அங்குலச் சதுரத்தில் ஓடும் குதிரையின் கணுக்கால் 5 மி.மீ. வரும், புரவியின் கால் 25 மி.மீ. வரும். கையால் மடித்துத் தைக்கலாம். கழுத்து நிமிர்ந்து, மார்பு அகன்று, உள்வளைவுகளும் குறைவு. கழுத்து மணிமாலையையும் சேணத்தையும் மேலே சங்கிலித் தையலில் போட்டால் எவரும் பார்த்ததும் புரவி என்று சொல்லிவிடுவார்கள்.

மஞ்சுவிரட்டுக் காளை உடம்புக்கு எளிது, திமில் ஒரு வெளி வளைவுதான். கொம்பு மட்டும் சிக்கல். கிராஸாக, அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய 20 மி.மீ. பட்டையை மூன்றாக மடித்து, இஸ்திரியில் வளைத்து, 7 மி.மீ. கொம்பாக வைத்துத் தைக்கலாம். நேர்நூலில் வெட்டிய பட்டை வளையாது, உள்பக்கம் கொசுவிக்கொண்டு நிற்கும்.

அளவு

குவில்ட் எங்கே கிடக்கப்போகிறது என்பதை வைத்து அளவை எடுங்கள்.

குழந்தைக்கு 42 × 51 அங்குலம் போதும். முடிந்த அளவு 9 அங்குலம் வரும் சதுரம் நான்கு குறுக்கே, ஐந்து நெடுக்கே, சுற்றிலும் 3 அங்குலப் பட்டை. 44 அங்குல அகலப் பாப்ளின் என்றால் பின்னணிக்கு 1.40 மீட்டர், உருவங்களுக்குப் பல நிறத்தில் சேர்த்து 1 மீட்டர், பட்டைக்கு அரை மீட்டர், ஓரம் கட்ட 40 செ.மீ. அடித்துணி சுற்றிலும் 3 அங்குலம் கூடுதலாக 48 × 57 இருக்க வேண்டும். ஒரு சிங்கிள் பெட்ஷீட்டை வெட்டிக்கொள்ளலாம். பாலியஸ்டர் கலந்த நெருக்கமான பெட்ஷீட்டில் கை ஊசி இறங்காது, பருத்தியாகப் பாருங்கள். கண்ணுக்குப் பொத்தானும் மணியும் வைக்காமல் நூலால் போடவும். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை தூங்கும்போது மேலே போர்த்தவோ தொட்டிலில் வைக்கவோ வேண்டாம். அந்த வயதில் இது கண் முன்னால் விளையாடும்போது தரையில் விரிக்க மட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழப்பானது, பாப்ளின் அடித்துணி சறுக்கும். அடியில் தடித்த கைத்தறித் துணி வைத்தால் குறைவாக நழுவும்.

ஒற்றைக் கட்டிலுக்கு மெத்தை 36 × 72 அங்குலம். இரண்டு பக்கமும் 12 அங்குலம் தொங்கினால் 60 அகலம். பலரும் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: 60 அங்குல அகலத்துக்கும் பெரிய யானையை வரைந்துவிடுகிறார்கள். விரித்ததும் தலை ஒரு பக்கமும் பின்பாகம் மறுபக்கமும் கட்டிலுக்குக் கீழே தொங்கும். ஒற்றைப் பெரிய உருவம் வேண்டுமானால் அது மெத்தையின் மேல்பரப்புக்குள், அதாவது 36 × 72க்குள் அடங்க வேண்டும். தலையணை மறைக்கும் 16 அங்குலத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தொங்கும் இடத்தில் சிறு உருவங்கள் வைத்தால் கால்கள் தரையைப் பார்த்து இருக்கட்டும், அருகே வந்து நிற்பவர் கண்ணுக்கு அவை நிமிர்ந்து தெரியும்.

இரட்டைக் கட்டில் அளவை வீட்டு மெஷினில் ஒரே துண்டாகத் தைப்பது பெரும்பாடு. மெஷினின் கைக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது, 84 அங்குலக் குவில்ட்டின் பாதியைச் சுருட்டி அதற்குள் நுழைக்க முடியாது. மூன்று நீளப் பாகங்களாகத் தனித்தனியே மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்து முடித்து, பிறகு பாகங்களை இணையுங்கள்.

ஊஞ்சல் பலகைக்குத் தைப்பதானால் பலகையை அளந்து, சங்கிலி வரும் நான்கு மூலைகளிலும் இடம் விட்டு நாடா வையுங்கள். உட்காருபவர் உருவத்தை மறைத்துவிடுவார் என்பதால் முன்பக்கம் 6 அங்குலம் தொங்கவிட்டு, விலங்கு வரிசையை அந்தத் தொங்கலில் வைப்பதுதான் பொருத்தம்.

சுவருக்கு என்றால் முற்றத்து வெயில் நேரே விழாத சுவராகப் பாருங்கள். பின்பக்கம் மேல்ஓரத்தில் 4 அங்குலத் துணிக் குழாய் தைத்துக் கம்பி செருகி மாட்டவும். ஆணியில் இரண்டு மூலையை மட்டும் மாட்டினால் சில மாதத்தில் நடுப்பகுதி தொய்ந்துவிடும்.

கண்டாங்கியா, பாப்ளினா, காடாவா

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கி செட்டிநாட்டுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் துணி. கடுகு மஞ்சள், அரக்கு, கருப்பு என்று கட்டம் போட்ட சேலை. அதை உருவத்துக்கு வைப்பதா, பின்னணிக்கு வைப்பதா? பின்னணிக்கு என்பதே எங்கள் தேர்வு. நூல் தடிமனானது என்பதால் 5 மி.மீ. மார்ஜினை மடிக்கும்போது விளிம்பு புடைக்கும், பிசிறும். பின்னணியாக வைத்தால் கட்டக் கோடுகளே ஓட்டுத் தையலுக்கு வழிகாட்டி, சாக்பீஸ் தேவையில்லை.

சேலையைக் கழுவிக் காயவைத்து அளந்த பிறகுதான் சதுர அளவை முடிவு செய்ய வேண்டும். கைத்தறிப் பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கலாம். 47 அங்குல அகலச் சேலையில் இருபுறமும் 4 அங்குலக் கரை போக 39 அங்குல உடல், சுருங்கிய பின் 37 சொச்சம். 12½ அங்குலத்துக்கு மூன்று சதுரம் எடுக்கத் திட்டமிட்டிருந்தால் கால் அங்குலத்தில் துணி காலை வாரிவிடும். 12 அங்குலமாக வெட்டி, முடிந்த அளவு 11½ என்று வையுங்கள். ஐந்துக்கு ஏழு, 35 சதுரம், 12 வரிசை, 144 அங்குல நீளத்தில் முடிந்துவிடும். வெட்டி எடுத்த கரையைச் சுற்றுப்பட்டையாக 3½ அங்குலம் தெரியும்படி வைத்தால் ஏறக்குறைய 64 × 87 அங்குலம் வரும். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் முந்தி போகவும் இரண்டு கரையுமாகச் சேர்த்து இந்தச் சுற்றளவுக்குத் தாராளமாக எட்டும். ஒற்றைக் கட்டில் குவில்ட்டின் பின்னணியும் ஓரமும் ஒரே சேலையில் அடங்குகின்றன. கட்டம் நேராக இருப்பது கட்டாயம். ஒரு சதுரம் நூல் பிசகி வெட்டப்பட்டால் பாப்ளினில் தெரியாது, கண்டாங்கியில் அடுத்த அறையிலிருந்தே தெரியும்.

கட்டத்தின் மேல் வைக்கும் உருவம் ஒற்றை நிறமாக இருக்கட்டும். பூப்போட்ட யானையைக் கட்டம் போட்ட பின்னணியில் வைத்தால் யானை காணாமல் போய்விடும். வெள்ளையோ வெளுக்காத காடா நிறமோ எடுத்தால் இன்னொன்றையும் பாருங்கள்: மெல்லிய வெள்ளை வழியாக அடியிலுள்ள கருப்புக் கட்டம் நிழலாகத் தெரியும். யானையின் வயிற்றில் கட்டம் தெரிவது போல் இருக்கும். தைத்து முடித்ததும் பின்பக்கம் திருப்பி, உருவத்துக்கு அடியிலுள்ள பின்னணித் துணியை 6 மி.மீ. விட்டு வெட்டி எடுத்துவிட்டால் நிழல் போய்விடும், தடிமனும் குறையும்.

நிறங்கள் ஒன்றோடொன்று நிற்குமா என்று பார்க்க, துண்டுகளைப் பரப்பிக் கைபேசியில் கருப்பு வெள்ளையில் படம் எடுங்கள். அரக்கும் கருப்பும் கண்ணுக்கு வேறு வேறு, படத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். கருப்புக் கட்டத்தில் அரக்குக் காளை ஐந்தடிக்கு அப்பால் தெரியாது. மாம்பழ மஞ்சளில் அரக்குக் காளை தெளிவாக நிற்கும்.

சாயம் போவதைத் தைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். துணியை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் தனி வாளியில் தண்ணீர் தெளியும்வரை அலசவும். உப்பில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பதை நம்பி வெள்ளையோடு சேர்த்துத் தைக்க வேண்டாம், ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. நான்கு முறை அலசியும் சிவப்பு இறங்கினால் அந்தத் துணியை வெள்ளை யானைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நடு அடுக்கு

இலவம்பஞ்சு வீட்டில் இருக்கிறது, அதையே நிரப்பலாமே என்று தோன்றும். நிரப்ப வேண்டாம். அதன் இழை குட்டையானது, வழவழப்பானது, ஒன்றையொன்று பிடிக்காது. தலையணைக்கு அது வசதி, குவில்ட்டில் முதல் கழுவலிலேயே மூலைக்கு ஓடிக் கட்டியாகும்.

மீதம் மூன்று. பாலியஸ்டர்த் தகடு எடை குறைவு, சீக்கிரம் உலரும், உருவம் சற்று மேலெழும்பித் தெரியும். ஆனால் வியர்க்கும், சூடான இஸ்திரி பட்டால் உருகித் தட்டையாகும். ஏசி அறைக்கும் சுவருக்கும் சரி. பருத்தி ஃபிளானல் ஒரு அடுக்கு வைத்தால் படிந்து கிடக்கும், மார்கழிக் குளிருக்குப் போதும், கையால் தைக்கவும் இதம். பழைய மல்மல் வேட்டியோ சேலையோ இரண்டு அடுக்கு வைப்பது நம் வெயிலுக்கு ஏற்றது, செலவும் இல்லை. அதற்குத் தையல் வரிகள் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். ஃபிளானலுக்கும் பாலியஸ்டர்த் தகட்டுக்கும் நான்கு அங்குலம் போதும்.

மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது அடித்துணியைத் தரையில் இழுத்து ஒட்டுநாடாவால் பிடித்துவிட்டு மற்றவற்றை மேலே விரித்து, ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். தையலை நடுவிலிருந்து வெளியே கொண்டுபோகவும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்வெல்லாம் நடுவில் சேர்ந்து யானையின் முதுகில் மடிப்பாக நிற்கும். மிதி மெஷினில் அடிப்பல் கீழ்த்துணியை வேகமாக இழுக்கும். மேலே உள்ள அழுத்தத் திருகைத் தளர்த்தி, தையல் நீளத்தை 3 மி.மீ. ஆக்கி, 14ஆம் எண் ஊசி போட்டால் ஓரளவு சரியாகும். முதல் தையல் உருவத்தை ஒட்டிச் சுற்றிலும் போகட்டும், பிறகு பின்னணி. கொட்டான் கூடையில் பனை ஓலை குறுக்கும் நெடுக்குமாகப் போவது போல் சாய்கட்டம் போட்டால் நேர்க்கட்டக் கண்டாங்கிக்கு நன்றாக இசையும்.

கருப்பு மிதி மெஷினும் நேரமும் கையில் இருந்து, குழந்தைக்குத் தைக்கிறீர்களானால்: கண்டாங்கிப் பின்னணியில் காடாத் துணிப் புரவியோ யானையோ, கையால் மடித்துத் தைத்தது, நடுவில் மல்மல். நேரம் இல்லையென்றால் அதே மெஷினில் சதுரம் இணைத்த ஒரே யானை, சுற்றிலும் அகலப் பட்டை. ஜிக்ஜாக் மெஷின் இருந்து மானும் மயிலும்தான் வேண்டும் என்றால் பசைத் தாள், நடுவில் ஃபிளானல்.

எதை எடுத்தாலும் துணி முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். ஒரு சதுரத்தை மட்டும் உருவத்தோடு தைத்து, சுற்று மார்ஜினோடு அளந்து எழுதி வையுங்கள். சோப்புத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளக்கவும். 9½ அங்குலச் சதுரம் 9¼ ஆகியிருந்தால் துணி கழுவலில் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். மீதமுள்ள துணியைக் கழுவிக் காயவைத்த பிறகு பின்னணிச் சதுரங்களை 10 அங்குலமாக வெட்டி, உருவம் தைத்து முடித்த பிறகு 9½ ஆகச் செதுக்கிக்கொள்ளுங்கள்.